ஆடிக்கும் மார்கழிக்கும் தாங்குகிற வீடு: நீலகிரிக் கல்லூரிகளுக்கு மாறி வரும் ஆசிரியர்களுக்கு

கோவையிலோ சென்னையிலோ வேலை பார்த்துவிட்டு நீலகிரியில் ஒரு கல்லூரிக்கு மாறுகிறவர்கள் முதலில் போடுவது வாடகைக் கணக்கு. அங்கே 18,000 கொடுக்கிற வீட்டுக்கு இங்கே 10,000 போதும் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 8,000 மிச்சம் என்று தாளில் எழுதிவிடலாம். ஆனால் அந்த 8,000 முழுசாகக் கையில் நிற்காது. கீசருக்கும் ஹீட்டருக்கும் கொஞ்சம் போகும். தண்ணீர் லாரிக்குக் கொஞ்சம், காயாத துணிக்கும் பூஞ்சை பிடித்த புத்தகத்துக்கும் கொஞ்சம், மலை இறங்கி ஏறும் செலவுக்குக் கொஞ்சம். எவ்வளவு நிற்கும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது நீங்கள் பிடிக்கிற வீடுதான். அதனால் இதில் பாதி வீட்டைப் பற்றியே இருக்கும்.

வீடு தேடுகிறவர்கள் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில் வருகிறார்கள். அப்போது எல்லா வீடும் நல்ல வீடுதான். வெயில் இதமாக இருக்கும், சுவர் காய்ந்திருக்கும், வீட்டுக்காரர் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருப்பார். கல்லூரி திறப்பதோ ஜூனில், தென்மேற்குப் பருவமழை மலை ஏறி வருகிற நேரத்தில். வீட்டைச் சித்திரையில் பார்த்தாலும் ஆடிக் காற்றையும் மார்கழி உறைபனியையும் மனதில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

எந்த ஊர் என்பதில் எல்லோருக்கும் தேர்வு இருக்காது. ஊட்டியில் அரசு கலைக் கல்லூரி (1955 முதல் நடக்கிறது, ஜான் சல்லிவன் கட்டிய கல் பங்களா அந்த வளாகத்துக்குள்தான் இருக்கிறது), ஜேஎஸ்எஸ் மருந்தியல் கல்லூரி, எமரால்டு ஹைட்ஸ் மகளிர் கல்லூரி, அரசு மருத்துவக் கல்லூரி. குன்னூரில் பிராவிடன்ஸ் மகளிர் கல்லூரி. இரண்டுக்கும் நடுவில் கேத்தியில் சிஎஸ்ஐ பொறியியல் கல்லூரி. கூடலூரில் அரசு கலை அறிவியல் கல்லூரி. ஒரே மாவட்டம் என்றாலும் இவை ஒரே ஊர் மாதிரி இல்லை. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர், குன்னூர் 1,850, கூடலூர் 1,070. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6 டிகிரி குறையும். அதனால் கூடலூரில் மின்விசிறி தேவைப்படுகிற நாளில் ஊட்டியில் ஸ்வெட்டர் போட்டிருப்பார்கள். மழையும் அப்படித்தான். கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கேரளத்து மழை. குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஊட்டிக்கு இரண்டிலும் பங்கு உண்டு, ஆனால் ஜூன், ஜூலையில் மழையை விடக் காற்றுதான் தொல்லை. அங்கே குடையை நம்ப வேண்டாம், ரெயின்கோட் வாங்குங்கள்.

ஊட்டியில் வேலை கிடைத்தவர்கள் ஊட்டியிலேயே குடியிருக்க வேண்டும் என்பதில்லை. கேத்தி, லவ்டேல், அருவங்காடு, வெலிங்டன் என்று குன்னூர் சாலை ஓரமாக நிறைய இடங்கள் உண்டு. ஊட்டிக்கும் குன்னூருக்கும் 19 கிலோமீட்டர்தான், பேருந்து அடிக்கடி வரும். குன்னூர் பக்கம் குளிர் சில டிகிரி குறைவு என்பதால் வயதானவர்களுக்கும் கைக்குழந்தைக்கும் இதம். ஆனால் ஏப்ரல், மே கூட்டத்தில் அதே 19 கிலோமீட்டர் பாடாய்ப் படுத்தும். அந்த இரண்டு மாதத்தில்தான் செமஸ்டர் தேர்வும் வரும். காலை 10 மணித் தேர்வுக்குக் கண்காணிப்பாளராகப் போகிறவர் 7 மணிக்கே பேருந்து ஏறிவிடுவது நல்லது.

வீடு பார்க்கும்போது

முதலில் திசை. நீலகிரி இருப்பது ஏறக்குறைய 11 டிகிரி வடக்கு அட்சரேகையில். குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். எனவே கிழக்கோ தென்கிழக்கோ பார்த்த சரிவில் இருக்கிற வீட்டுக்கு டிசம்பர், ஜனவரியில் காலை வெயில் நேராக உள்ளே வரும். வடக்குப் பார்த்த சரிவில், பின்னால் மேடு இருக்கிற வீட்டுக்குப் பகல் 11 மணி வரை வெயில் எட்டாது, சில அறைகளுக்கு அந்த இரண்டு மாதமும் எட்டவே எட்டாது. மேற்குப் பார்த்த வீட்டுக்கு ஜூன் காற்றும் சாரலும் நேராக அடிக்கும், ஜன்னல் சட்டத்தில் தண்ணீர் ஒழுகும். பக்கத்து வீட்டில் குடியிருப்பவரிடம் “மார்கழியில் எத்தனை மணிக்கு வெயில் விழும்?” என்று கேளுங்கள். வீட்டுக்காரரிடம் கேட்டுப் பயனில்லை.

அடுத்தது பள்ளம். குளிர்ந்த காற்று கனமானது. இரவில் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். தலைக்குந்தா, காந்தல், ஊட்டி குதிரைப் பந்தய மைதானம் என்று உறைபனிப் படம் எடுக்கப் போகிற இடங்களெல்லாம் தாழ்வான இடங்கள் என்பதைக் கவனியுங்கள். சரிவின் நடுப்பகுதியில் இருக்கிற வீட்டில் அதே இரவு சில டிகிரி கூடுதலாக இருக்கும். ஏரி தெரிகிற வீடு என்று யாராவது ஆசை காட்டினால் இரண்டு காரணத்துக்காகத் தவிர்க்கலாம். ஒன்று பனி, இன்னொன்று சீசன் கூட்டம்.

மூன்றாவது, மண். வீட்டின் பின்பக்கம் மலையை வெட்டி எழுப்பிய தடுப்புச் சுவர் இருந்தால் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். சுவரில் வரிசையாகத் தண்ணீர் வடியும் துளைகள் இருக்க வேண்டும், அவை மண்ணால் அடைபட்டிருக்கக் கூடாது. சுவர் நடுவில் வயிறு தள்ளியிருந்தாலோ, மேலே மண்ணில் நீளவாக்கில் விரிசல் தெரிந்தாலோ, அங்கே நிற்கிற மரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தாலோ அந்த வீடு வேண்டாம், வாடகை எவ்வளவு குறைவானாலும். 2009 நவம்பர் மழையில் இந்த மாவட்டத்தில் நடந்த நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவானது. அப்படி ஒரு மழையில் மண்ணுக்குள் இறங்குகிற தண்ணீருக்கு வெளியேற வழியில்லாவிட்டால் சுவர்தான் முதலில் போகும்.

நான்காவது, படிகள். சமவெளியிலிருந்து வருகிறவர்கள் கேட்க மறப்பது இதைத்தான். குன்னூரிலும் ஊட்டியின் பழைய பகுதிகளிலும் சாலையிலிருந்து 40, 60 படி இறங்கினால்தான் வீடு என்பது சாதாரணம். வாடகை குறைவாக இருப்பதற்கும் அதுவே காரணமாக இருக்கும். வீட்டுச் சாமான் இறக்குகிற கூலியைப் படிக்கணக்கைப் பார்த்துத்தான் பேசுவார்கள். சமையல் எரிவாயு உருளைக்குள் 14.2 கிலோ வாயு இருந்தால் இரும்போடு சேர்த்து 30 கிலோ நெருங்கும், கொண்டுவருகிறவர் ஒவ்வொரு முறையும் கூடுதல் பணம் கேட்பதில் நியாயம் உண்டு. 108 ஆம்புலன்ஸ் சாலையில்தான் நிற்கும். முழங்கால் வலிக்கிற அம்மா அப்பா உடன் இருந்தால் 15 படிக்கு மேல் போகாதீர்கள்.

பிறகு ஒப்பந்தம். சுற்றுலா ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. பதினொரு மாத ஒப்பந்தம் மார்ச்சிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ முடிகிற மாதிரி எழுதுவார்கள். சீசனுக்கு வீட்டைக் காலி செய்யச் சொல்லி, நாள் வாடகைக்கு விடுவதற்குத்தான். நீங்கள் ஜூனில் குடிபோனால் அடுத்த மே முடிய ஒப்பந்தம் இருக்கட்டும். தமிழ்நாட்டில் 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவும் வேண்டும். பதிவு என்றதும் முகம் சுளிக்கிற வீட்டுக்காரர் சீசனில் என்ன செய்வார் என்பதை அப்போதே ஊகித்துக்கொள்ளலாம்.

தண்ணீர்

மழை கொட்டுகிற மலையில் தண்ணீர்ப் பஞ்சமா என்று கேட்காதவர்கள் இல்லை. மழை பெய்வது சரிவில். அது ஓடிவிடும், தேக்குகிற இடம் குறைவு. கோடையில் நகராட்சிக் குழாயில் முறை வைத்துத்தான் விடுவார்கள். தெருவுக்குத் தெரு முறை மாறும். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஏப்ரலில் எத்தனை நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் வருகிறது? ஒருவருக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் என்றால் நான்கு பேருக்கு 400. வாரம் ஒருமுறை விடுகிற தெருவில் 2,800 லிட்டர் பிடித்து வைக்க இடம் வேண்டும், அதாவது 3,000 லிட்டர் தொட்டி. மாடியில் 500 லிட்டர் சின்டெக்ஸ் மட்டும் இருக்கிற வீட்டில் மிச்ச நாளெல்லாம் லாரித் தண்ணீர்தான். அதுவும் 60 படிக்குக் கீழே வீடு இருந்தால் லாரிக்காரரிடம் அவ்வளவு நீளக் குழாய் இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ள வேண்டும். தனியாக ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம், இங்கே அதற்குக் கட்டுப்பாடு உண்டு. கடையில் 1 லிட்டர், 2 லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் வாங்கவும் முடியாது, மாவட்டத்தில் தடை. வெளியூரிலிருந்து வரும் உறவினர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், சோதனைச் சாவடியில் பிடுங்கிவிடுவார்கள்.

சூடு

குளிர் மலையில் நீங்கள் உண்மையில் விலைகொடுத்து வாங்குவது சூட்டைத்தான். கணக்கைப் பார்த்துவிடலாம். ஊட்டியில் குளிர்காலக் காலையில் தொட்டித் தண்ணீர் 12 டிகிரி இருக்கும். 25 லிட்டரை 60 டிகிரிக்கு ஏற்ற ஏறக்குறைய 1.4 யூனிட் மின்சாரம் வேண்டும். 2 கிலோவாட் கீசருக்கு அதற்கு 40 முதல் 45 நிமிடம். சென்னையில் 28 டிகிரித் தண்ணீருக்கு 0.9 யூனிட்டும் 28 நிமிடமும் போதும். 3 லிட்டர் உடனடி கீசரைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள், அது இங்கே வெதுவெதுப்பைத் தாண்டாது. நான்கு பேர் வீட்டில் நாளுக்கு இரண்டு முறை கீசர் நிறைந்தால் இரண்டு மாதத்துக்கு 168 யூனிட். மாலையில் 2 கிலோவாட் ஹீட்டர் 2 மணி நேரம் ஓடினால் இன்னும் 240. மற்ற வீட்டுச் செலவு 200 என்று வைத்தாலும் மொத்தம் 600-ஐத் தாண்டுகிறது. நம் மின்வாரியக் கட்டண முறையில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடாது, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குக் கிடைத்த குறைந்த விலையும் போய்விடும். எனவே 480-இல் நிறுத்துவதற்கும் 520-இல் நிறுத்துவதற்கும் வித்தியாசம் பெரிது. ஹீட்டரை ஒரு மணி நேரமாகக் குறைத்தாலே 120 யூனிட் இறங்கும். அறையின் கதவடியில் இருக்கும் இடைவெளியைத் துணியால் அடைப்பதும், ஜன்னலுக்குக் கனமான திரை போடுவதும் ஹீட்டரை விட அதிகம் உதவும். சமவெளியில் ஏசி ஓட்டியவர்களுக்கு ஆண்டுக் கணக்கில் இது சரிக்குச் சரியாக வந்துவிடும், ஓட்டாதவர்களுக்குத்தான் கூடுதல் செலவு.

வீட்டு வயரிங்கையும் பாருங்கள். கீசர், ஹீட்டர், இண்டக்ஷன் அடுப்பு மூன்றும் தலா 2 கிலோவாட். ஒரே நேரத்தில் ஓடினால் 26 ஆம்பியர் இழுக்கும். பழைய வீடுகளில் 5 ஆம்பியர் பிளக்கில் அடாப்டர் போட்டு ஹீட்டர் ஓட்டுவதைப் பார்க்கலாம். பிளக் முனை பழுப்பாகக் கருகியிருந்தால் அதுதான் அடையாளம். 16 ஆம்பியர் பிளக் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும், எர்த் இணைப்பு வேலை செய்ய வேண்டும்.

இன்னொன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. கரி அடுப்பையோ கணப்புச் சட்டியையோ மூடிய அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கவே கூடாது. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, தூக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோகும். இந்த மலைகளில் சுற்றுலா வந்தவர்கள் அப்படி இறந்திருக்கிறார்கள். கேஸ் கீசரும் அதே வகை ஆபத்து. அதைக் குளியலறைக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில்தான் மாட்ட வேண்டும். ஜன்னலில்லாத குளியலறைக்குள் கேஸ் கீசர் மாட்டியிருக்கிற வீடு என்றால், கீசரை வெளியே மாற்றித்தரச் சொல்லிவிட்டுக் குடிபோங்கள்.

அடுப்படி

ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகாது என்று புலம்புவதற்குக் காரணம் இதுதான், பருப்பின் குற்றமல்ல. குக்கரிலும் வெளிக் காற்றழுத்தம் குறைவு என்பதால் உள்ளே 121 டிகிரிக்குப் பதில் 116 போலத்தான் ஏறும். விசில் கணக்கை விட்டுவிட்டு நேரத்தைக் கணக்கு வையுங்கள். சென்னையில் 10 நிமிடம் என்றால் இங்கே 13. கொண்டைக்கடலையைப் பச்சைத் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்தாலும் குளிரில் சரியாக ஊறாது, கொதிநீர் ஊற்றி மூடி வைக்க வேண்டும்.

இட்லி மாவுதான் பெரிய வழக்கு. மாவு புளிக்க 25 முதல் 30 டிகிரி வேண்டும், அடுப்படியோ இரவில் 14. வெதுவெதுப்பான தண்ணீரில் அரைத்து, கையால் நன்றாகக் கலந்து, மாவுப் பாத்திரத்தை மூடிபோட்ட ஐஸ் பெட்டிக்குள் வைத்து, பக்கத்தில் ஒரு லிட்டர் கொதிநீர் நிறைத்த எவர்சில்வர் பாட்டிலை வையுங்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை நீரை மாற்றினால் 14 மணி நேரத்தில் மாவு பொங்கும். இரவு அரைத்து மறுநாள் காலை இட்லி என்ற பழக்கத்தை விட்டுவிட்டு மதியமே அரைத்துவிட வேண்டும். தேங்காய் எண்ணெய் ஆண்டு முழுக்க உறைந்துதான் கிடக்கும், வாயகன்ற டப்பாவில் வாங்குங்கள்.

காய்கறி மலிவாக இருக்கும் என்ற எதிர்பார்ப்பில் பாதிதான் உண்மை. கேரட், பீட்ரூட், உருளை, முட்டைக்கோஸ், மேரக்காய் இங்கே விளைகிறது. ஆனால் மொத்த விளைச்சல் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகிறது, விலையும் அங்கேதான் நிர்ணயமாகிறது. உழவர் சந்தையில் காலையிலேயே வாங்கினால் புதுசு கிடைக்கும், விலையும் பரவாயில்லை. சின்ன வெங்காயம், தேங்காய், வாழைப்பழம், மீன், கீரை வகைகள் கீழிருந்து ஏறி வருகிறவை, அவற்றுக்கு ஏற்றுக்கூலியும் சேரும். மாதம் ஒருமுறை மலை இறங்குகிறவர்கள் தேங்காயும் புளியும் சின்ன வெங்காயமும் அங்கேயே வாங்கி வந்துவிடுகிறார்கள்.

ஈரம்

ஆசிரியர் வீட்டில் புத்தகம் இருக்கும். மழைக்காலத்தில் சுவரை ஒட்டிய அலமாரியில் வைத்த புத்தகத்துக்கு மூன்றே வாரத்தில் பச்சைப் பூஞ்சை வரும், முதலில் துணி அட்டை போட்டவற்றுக்கு. அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளிப் போட்டால் பின்னால் காற்று ஓடும். வெளிச்சுவரை விட்டுவிட்டு அறைகளுக்கு நடுவிலிருக்கும் உட்சுவரோரம் போட்டால் இன்னும் நல்லது, அது அவ்வளவு குளிராது. சான்றிதழ்களை லேமினேட் செய்யாதீர்கள், பிறகு சரிபார்ப்பில் சிக்கல் வரும். சிலிகா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். கேமரா லென்ஸ், நுண்ணோக்கி லென்ஸ் இரண்டுக்கும் அதே டப்பாதான். சிலிகா ஜெல்லின் நிறம் மாறியதும் வாணலியில் லேசாக வறுத்தால் மறுபடி பயன்படும். தோல் செருப்பும் தோல் பையும் அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கக் கூடாது. துணி காய மூன்று நாள் ஆகும் என்பதால் குழந்தைகளுக்குச் சீருடை நான்கு செட் வேண்டும். வராந்தாவுக்கு மேலே ஒளி புகும் தகடு போட்டிருக்கிற வீடு கிடைத்தால் வாடகை ஐந்நூறு கூடினாலும் எடுத்துக்கொள்ளலாம்.

சாலை, ஆஸ்பத்திரி, விலங்குகள்

மேட்டுப்பாளையம்–குன்னூர் சாலையில் வடகிழக்கு மழையின்போது மண் சரிந்து போக்குவரத்து நிற்பது ஆண்டுதோறும் நடக்கிறது. அப்போது வண்டிகளைக் கோத்தகிரி வழியாகத் திருப்புவார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கோவையில் ரயிலோ விமானமோ பிடிக்க வேண்டுமென்றால் மூன்று மணி நேரம் கூடுதலாக வைத்துக் கிளம்புங்கள். இறக்கத்தில் எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்க வேண்டும். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும். 2024 மே முதல் வெளி மாவட்ட வண்டிகளுக்கு இ-பாஸ் உண்டு, டிஎன் 43 பதிவெண்ணுக்கு வேண்டாம். மாமனார் மாமியார் சொந்தக் காரில் வந்தாலும் இ-பாஸ் எடுத்தே வர வேண்டும். அரசுப் பேருந்தில் வருகிறவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஊட்டியில் 700 படுக்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2025-இல் திறந்தபின் நிலைமை மாறியிருக்கிறது. அதற்குமுன் பெரிய சிக்கல் எதுவானாலும் கோவைதான். இப்போதும் தொடர் சிகிச்சை தேவைப்படுகிற இதய நோயாளி, சிறுநீரக நோயாளி வீட்டில் இருந்தால் அவருடைய மருத்துவர் எங்கே இருக்கிறார் என்பதைப் பொறுத்து முடிவெடுங்கள். ஆஸ்துமாக்காரர்களுக்குக் குளிரை விடப் பூஞ்சைதான் எதிரி. மேலே சொன்ன வெயில் கணக்கு அவர்களுக்கு இரண்டு மடங்கு பொருந்தும்.

குன்னூர், கோத்தகிரி பக்கம் கரடியும் காட்டுமாடும் தெருவுக்கு வரும், கூடலூரில் யானை. இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. குப்பையை இரவில் வெளியே வைக்காதீர்கள், சமையலறை ஜன்னலைப் பூட்டுங்கள், எண்ணெய்க்கும் பழத்துக்கும் கரடி வரும். மாலை 6 மணிக்கு மேல் தேயிலைத் தோட்டக் குறுக்குவழியில் நடக்காமல் சாலை வழியே டார்ச்சோடு போங்கள். காட்டுமாடு நின்றால் நீங்களும் நில்லுங்கள், ஹாரன் அடிக்கவோ செல்போனில் படம் பிடிக்கவோ வேண்டாம். தானாகப் போகும்.

சம்பளமும் துணைவர் வேலையும்

அரசு ஊழியர்களுக்கு மலைப்படியும் குளிர்காலப்படியும் உண்டு. பணியில் சேரும்போதே கணக்குப் பிரிவில் கேட்டு, சம்பளப் பட்டியலில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். யுஜிசி நிரந்தரப் பணியில் உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700. அந்தச் சம்பளத்தில் இந்த மலை வசதியான இடம். கௌரவ விரிவுரையாளருக்கு அப்படியில்லை. அவர்களுக்கு ஆண்டுக்கு 11 மாதச் சம்பளம்தான், மே மாதத்துக்குக் கிடையாது, வாடகையோ 12 மாதமும் கொடுத்தாக வேண்டும். தனியார் கல்லூரி என்றால் குடியிருப்பு தருகிறார்களா, தந்தால் மின்சாரம் யார் கணக்கு என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

கணவனோ மனைவியோ தன் வேலையை விட்டுவிட்டு உடன் வருவதுதான் உண்மையான பெரிய செலவு. இங்கே பள்ளி, வங்கி, அரசு அலுவலகம், தேயிலை, சுற்றுலா தவிர வேலை குறைவு. ஒருவர் கோவையில் தங்கி வாரக் கடைசியில் வந்துபோகலாம் என்று முடிவெடுப்பவர்கள் இரண்டு வீட்டு வாடகையைப் போட்டுப் பார்த்தால், மலையில் மிச்சப்பட்ட 8,000-க்கு மேல் செலவாகும். கோவைக்கும் ஊட்டிக்கும் 86 கிலோமீட்டர்தான், பேருந்தில் ஒரு பக்கம் மூன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. ஞாயிறு மாலை இறங்குகிற கூட்டத்தில் இன்னும் கூடும். வீட்டிலிருந்தே கணினி வேலை பார்க்கிறவருக்கு ஃபைபர் இணைப்பு கிடைக்கும். ஆனால் ஆடிக் காற்றில் மரம் விழுந்து மின்கம்பியும் கேபிளும் ஒன்றாகவே அறுந்துபோகும். இன்வெர்ட்டரும் வேறு நிறுவனத்தின் சிம் ஒன்றும் அவசியம்.

கல்லூரி வேலை

மாணவர்களைப் பற்றி ஒன்று. ஹட்டி எனப்படும் படுகர் ஊர்களிலிருந்தும், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தொழிலாளர் குடும்பங்களிலிருந்தும், மஞ்சூர், குந்தா போன்ற தூரத்து ஊர்களிலிருந்தும் வருகிறார்கள். பலருக்கு ஊருக்குப் போக மாலையில் ஒரே பேருந்துதான். செய்முறை வகுப்பை 20 நிமிடம் நீட்டினால் ஒரு மாணவி இருட்டில் வீடு போய்ச் சேர வேண்டியிருக்கும். பேருந்து நேரம் தெரியாமல் கால அட்டவணை போடாதீர்கள். சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் 2024-இல் மலைப்பகுதிக்கும் வந்தது, அதன் பிறகு அந்தப் பேருந்துக்காகக் காத்திருப்பவர்கள் அதிகம்.

கனமழை நாட்களில் ஆட்சியர் விடுமுறை அறிவிப்பார். ஹெத்தையம்மன் பண்டிகைக்கு உள்ளூர் விடுமுறை உண்டு. செமஸ்டருக்கு 90 வேலை நாள் கணக்கு இடிக்கும், சனிக்கிழமைகளில் ஈடுகட்ட வேண்டும். எனவே பாடத்தின் கடினமான பகுதியை ஜூலை, அக்டோபர் மாதங்களில் வைக்காமல் இருப்பது நல்லது. பாரதியார் பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி என்றால் பல்கலைக்கழக வேலை எதற்கும் கோவை இறங்க வேண்டும். அங்கே தங்க ஓர் இடம் ஏற்பாடு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு இந்த மாவட்டம் அள்ளிக் கொடுக்கும். முத்தொரையில் 1970-இல் நிறுவிய வானொலித் தொலைநோக்கி இருக்கிறது. 530 மீட்டர் நீளம். அந்த இடத்தின் அட்சரேகைக்கு இணையான 11 டிகிரிச் சரிவில் அமைந்திருப்பதால், அதன் சுழல் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கிறது. குன்னூரில் பாஸ்டர் நிறுவனம், ஊட்டியில் மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம், முத்தொரையில் உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம். தாவரவியல், விலங்கியல்காரர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சோலையோ புல்வெளியோ எங்கே இலை பறித்தாலும் வனத்துறை அனுமதி வேண்டும், முதுமலைக்குள் என்றால் கடிதம் சென்னை வரை போகும். மாதக்கணக்கில் ஆகும். ஆய்வு மாணவர் சேர்ந்த வாரமே விண்ணப்பம் போய்விட வேண்டும்.

நிலம் வாங்குவது

இரண்டு மழைக்காலமும் இரண்டு குளிர்காலமும் பார்க்காமல் வாங்கக் கூடாது. வாங்குகிறவர்கள் பத்திரத்தோடு கட்டட அனுமதியையும் பார்க்க வேண்டும். மலைப்பகுதி விதிப்படி வீட்டின் உயரம் 7 மீட்டருக்கு மேல் போக முடியாது, செங்குத்துச் சரிவில் அனுமதி கிடைக்காது, மண் வெட்ட ஜேசிபி கொண்டுவரவும் அனுமதி வேண்டும். கூடலூரில் இன்னொரு சிக்கல் உண்டு. அங்கே நிலத்தில் பெரும் பகுதி பழைய ஜன்ம நிலம், அதாவது ஜன்மிகள் பரம்பரை உரிமையாக வைத்திருந்த நிலம். 1969-ஆம் ஆண்டின் ஜன்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தில் 17-ஆம் பிரிவுக்குள் வருகிற நிலங்களுக்குப் பட்டா தீராத வழக்காகவே கிடக்கிறது, மின் இணைப்பு வாங்குவதே போராட்டம். “பிரிவு 17 நிலம்தான், ஆனால் எல்லாரும் கட்டியிருக்கிறார்கள்” என்று தரகர் சொன்னால் முன்பணம் கொடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.